சட்டக் கல்லூரி வாழ்த்துகளும் யாரும் பேசாத ஆறு மாதமும்

கொஞ்சம் நீளமான பதிவு. சட்டம் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டாரும், ஊர்ச் சங்கங்களில் பதவியில் இருப்போரும் கடைசி வரை வாசித்துவிட்டு ஏசினால் நல்லது.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைப் பெறுபேறு வந்தால் நமது ஊர்களில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். சந்தியில் பதாகை. பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. விளையாட்டுக் கழகம் ஒரு பொன்னாடை, நலன்புரிச் சங்கம் ஒரு பொன்னாடை, அடுத்த தேர்தலுக்கு நிற்க யோசிப்பவர் ஒரு பொன்னாடை. பிள்ளை இன்னும் முதலாவது விரிவுரைக்கே போகவில்லை, முகநூலில் "இளம் சட்டத்தரணி" ஆகிவிட்டது. சந்தோசப்படட்டும். நானும் வாழ்த்துப் போடுகிறவன்தான்.

என் கேள்வி வேறு. அதே பிள்ளை மூன்று வருடம் கழித்து இறுதிப் பரீட்சையை முடித்துவிட்டு, சத்தியப் பிரமாணம் செய்வதற்கு முன்னால் ஆறு மாதம் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் பயிற்சி பெற வேண்டும். அப்ரண்டிஸ் என்கிறோமே, அது. அந்த ஆறு மாதத்துக்குப் பிள்ளை எந்த ஒபீஸுக்குப் போகிறது, அந்த இடத்தை எப்படித் தேடியது, என்ன வேலை பழகியது என்று இந்தப் பொன்னாடைக்காரர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

பெரும்பாலும் நடப்பது இதுதான். வாப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், அவருக்குத் தெரிந்த ஒரு சேர். ஒரு கோல். "மகன், நாளைக்கு சேரைப் போய்ச் சந்தியுங்க." பிறகு ஆறு மாதம் அந்த சேரின் பைல்களைத் தூக்கிக்கொண்டு கல்முனை நீதிமன்ற வளவில் அலைவது. பழக்கித் தரும் சேர்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கு அல்லாஹ் அருள் செய்வானாக. மாதத்தில் நாலு நாள் முகம் காட்டினால் போதும், முடிவில் கடிதத்தில் ஒப்பம் வைத்துத் தருகிறேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த இரகசியம் அது.

நீதிமன்ற வேலையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. தாபரிப்பு வழக்கும் காணி வழக்கும் பிணை மனுவும் ஏழைகளின் வாழ்க்கை. ஆனால் நமது பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஒரே வாசலுக்குள்தான் போய் நெருங்கி நிற்க வேண்டுமா? கொழும்பில் கம்பனிச் சட்ட வேலை செய்கிற நிறுவனங்கள் இன்று நேற்று வந்தவையல்ல. எஃப்.ஜே. அன்ட் ஜி. டி சேரம் 1841இல் தொடங்கியது. ஜூலியஸ் அன்ட் கிறீசி 1879இல். சட்டக் கல்லூரியே 1874இல்தான் வந்தது. அதற்கு முன்பிருந்தே இந்நாட்டில் வியாபாரத்துக்கென்று தனியாகச் சட்ட வேலை நடந்துகொண்டிருக்கிறது. நாமோ நம்மை வியாபாரச் சமூகம் என்று மார்தட்டுகிறோம். வியாபாரத்தின் சட்டத்தைப் படித்த நமது ஊர்ப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணுங்கள் பார்ப்போம்.

அந்த நிறுவனங்களில் பயிலுநராகச் சேர்கிற பிள்ளை என்ன செய்யும்? கோட்டுப் போட்டு வாதாடாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்பும். பணிப்பாளர் சபைத் தீர்மானம் எழுதும். காணிப் பதிவகத்துக்குப் போய் ஒரு காணியின் உரிமை யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பக்கம் பக்கமாகத் தேடும். நாற்பது பக்கக் குத்தகை உடன்படிக்கையில் எந்த வாசகம் நாளைக்குக் கழுத்தைப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்கும். சலிப்பான வேலைதான். ஆனால் அந்தச் சலிப்புக்குள்தான் தொழில் இருக்கிறது. 2021இல் துறைமுக நகருக்கு ஒரு சட்டம் வந்தது, 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு புதிய சட்டத்தோடும் இந்த ஒபீஸ்களில் வேலை கூடுகிறது. நமது ஊரில் கூடுவது பதாகை மட்டும்தான்.

இதனால் ஊருக்கு என்ன என்று கேட்பீர்கள். பராட்டே என்ற சொல்லை எத்தனை முதலாளிமார் எப்போது முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்? ஏல அறிவித்தல் பத்திரிகையில் வந்த பிறகு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அது. ஈடு வைத்த சொத்தை, நீதிமன்றத்துக்குப் போகாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு வங்கி ஏலத்தில் விடலாம். கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் வந்து வியாபாரம் படுத்த பிறகு நாடு முழுக்கக் கூச்சல் எழுந்து, 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அந்த ஈட்டு உறுதியில் நமது நெல் ஆலைக்காரரும் புடைவைக்கடைக்காரரும் எப்போதோ ஒப்பம் வைத்துவிட்டார்கள். இங்கிலீஷில் இருந்தது. மெனேஜர் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் வைத்தார்கள். "வாசிச்சுப் பாத்தீங்களா ஹாஜியார்?" என்று கேட்டால், "மெனேஜர் நல்ல மனிசன்" என்பது பதில்.

கூட்டு வியாபாரத்தையும் பாருங்கள். நாலு சகோதரர்கள் சேர்ந்து கடை நடத்துவார்கள். கடை மூத்தவர் பெயரில், லொறி இளையவர் பெயரில், கடன் எல்லோர் தலையிலும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வாப்பா மவுத்தாகி நாற்பது நாள் முடியவில்லை, சண்டை பள்ளி நிர்வாகத்துக்கு வருகிறது, அங்கே தீராமல் நீதிமன்றத்துக்குப் போகிறது. பத்து வருடம் போகிறது. ஒரு பங்குடைமை உடன்படிக்கையை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை ஊரில் இருந்திருந்தால் அந்தச் சகோதரர்கள் பெருநாளைக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சரி, ஏன் போவதில்லை? காரணங்கள் நாலைந்து தயாராக இருக்கும்.

முதலாவது, இங்கிலீஷ். சட்டக் கல்லூரிப் பரீட்சையை இங்கிலீஷில் மட்டும் நடத்த வேண்டுமென்று 2020 டிசம்பரில் வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த விதிகளைத் தோற்கடித்தது. சரியான தீர்மானம். தமிழில் படித்த பிள்ளைக்குப் பரீட்சைக் கதவை மூடுவது அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கிற கடதாசிகள் தமிழுக்கு மாறிவிடவில்லை. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். கொழும்பில் வர்த்தக மேல் நீதிமன்றத்தின் வேலை பெரும்பாலும் இங்கிலீஷில். கம்பனி உடன்படிக்கைகள் இங்கிலீஷில். பாராளுமன்றத்தில் வென்றுவிட்டோம் என்று ஸ்டேட்டஸ் போட்டவர்கள், அடுத்த நாள் ஒரு உடன்படிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பந்தி வாசித்தார்களா?

இங்கிலீஷ் என்றதும் நமது ஆட்கள் பயப்படுவது பேச்சுக்கு. இந்த வேலைக்குத் தேவை முதலில் வாசிப்பு. வீட்டிலேயே பாடப்புத்தகம் கிடக்கிறது. வாப்பாவின் கடைக் குத்தகை, காக்காவின் லீசிங் கடதாசி, காப்புறுதிப் பத்திரம். கிழமைக்கு ஒன்று எடுத்து, விளங்காத சொல்லுக்குக் கோடு போட்டு வாசித்தால் மூன்று வருடத்தில் நூற்றைம்பது கடதாசி. கொழும்பு சர்வதேசப் பாடசாலையில் படித்த பிள்ளை நம்மை விட அழகாகப் பேசும். நூற்றைம்பது உடன்படிக்கை வாசித்திருக்காது.

இரண்டாவது, "அது வட்டிக்காரர் வேலை." இதைத் தொப்பி போட்டவரும் சொல்கிறார், போடாதவரும் சொல்கிறார். நான் மௌலவி அல்ல. வட்டிக் கடன் பத்திரம் எழுதலாமா என்ற மார்க்கக் கேள்விக்கு உலமாக்களிடம் போங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் கம்பனிச் சட்டம் என்றால் வட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? வியாபாரக் குறி பதிவு, குத்தகை, தொழிலாளர் ஒப்பந்தம், கப்பல் சரக்கு, கம்பனி அமைத்தல், நடுத்தீர்ப்பு, இவையெல்லாம் வட்டியா? 2005இல் வங்கிச் சட்டத்தில் திருத்தம் வந்து, இந்நாட்டில் முராபஹாவும் முஷாரகாவும் வங்கிக்குள் நுழைந்தன. அந்த ஒப்பந்தங்களை எழுதவும் ஒரு சட்டத்தரணி வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டிக் கடனுக்கு ஒப்பம் வைக்கப் போகிற முதலாளியை மஹல்லாவில் ஒருவரும் தடுப்பதில்லை. அவருக்கு ஜும்ஆவில் முன்வரிசை. அவர் வைத்த ஒப்பத்தை வாசித்து விளங்கப்படுத்தப் படிக்கிற பிள்ளையிடம் மட்டும் மார்க்கம் பேசுகிறோம்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். உயர்தரக் கலைப் பிரிவு வகுப்புக்குள் வந்து பாருங்கள், முன்வரிசையில் இருந்து படிப்பது யார் என்று. யாழ்ப்பாணம், பேராதனை, ருஹுணு என்று நாலு வருடம் அனுப்புகிறோம், விடுதியில் விடுகிறோம். கொழும்பில் ஆறு மாதம் என்றதும் "பொம்புளப் புள்ளய எப்பிடித் தனிய வெக்கிற" என்று தொடங்குகிறது. ஒபீஸ் மேசையில் கோவை வாசிக்கிற வேலை இது. கல்யாணம் செய்த பிறகும், பிள்ளை பிறந்த பிறகும் தொடரக்கூடிய வேலை. நீதிமன்ற வளவில் ஆண்களோடு முட்டி மோதி நிற்கிற வேலையை விட இது பாதுகாப்பில்லையா? பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நாலாவது காரணம்தான் உண்மையில் பாரமானது. "அங்க ஆள் தெரிஞ்சாத்தான் எடுப்பான்."

பொய் என்று சொல்ல மாட்டேன். பல நிறுவனங்கள் பயிலுநர் தேவை என்று பத்திரிகையில் போடுவதில்லை. ஈமெயிலுக்குப் பதில் வருவதில்லை. பங்காளரின் மருமகள், கட்சிக்காரரின் மகன், இன்ன பாடசாலையின் பழைய மாணவன் என்று இடம் போய்விடுகிறது. கொடுப்பனவு இல்லாமலோ பஸ் காசுக்கு மட்டும் போதுமாகவோ வேலை வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. கொழும்பில் சொந்த வீடு உள்ள பிள்ளைக்கு அது அனுபவம். சம்மாந்துறைப் பிள்ளைக்கு அது போர்டிங், மூன்று வேளைச் சாப்பாடு, மாதத்துக்கு ஒரு தடவை இராப் பஸ், ஒரு கறுப்புக் கோட். வறிய பிள்ளை வர வேண்டாம் என்று போர்டு மாட்டாமலே வாசலை மூடுகிற வழி இது. நீதி பற்றிப் பேசித் தொழில் செய்கிறவர்கள் தங்கள் வாசலில் இதை வைத்திருப்பது வெட்கக்கேடு.

அதற்கு நாம் செய்கிற மறுவேலை என்ன? நாமும் ஆள் தேடுகிறோம். எம்.பி.யின் செயலாளரிடம் ஒரு கடிதம் எடுக்க முடியுமா என்று அலைகிறோம். 2013 ஜனவரியில், நுழைவுப் பரீட்சை முடிவுகள் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சாதகமாக மாற்றப்பட்டன என்று சொல்லி பொது பல சேனா சட்டக் கல்லூரிக்கு முன்னால் வந்து நின்றது. "எங்கட புள்ளைகள் படிச்சுத்தான் பாஸ் பண்ணின, ஆள் பிடிச்சு இல்ல" என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம். பரீட்சைக்குச் சொன்ன அந்த வார்த்தை அப்ரண்டிஸுக்கு மட்டும் ஏன் செல்லாது?

நேரடியாக விண்ணப்பியுங்கள் என்பதுதான் நான் சொல்வது. நமது பிள்ளைகளின் விண்ணப்பங்கள் எப்படி இருக்கின்றன தெரியுமா? திருத்தித் தரச் சொல்லி என்னிடமும் சில வரும். "நான் ஒழுக்கமும் கடின உழைப்பும் உள்ள, கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்த மாணவன். தங்கள் மேலான நிறுவனத்தில் ஒரு சந்தர்ப்பம் தருமாறு பணிவாக வேண்டுகிறேன்." ஏதோ வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த, கிராம சேவகருக்கு எழுதுகிற கடிதம். அதையே இருபது இடத்துக்கு அனுப்புவது. ஒன்றில் வேறு நிறுவனத்தின் பெயர் அப்படியே கிடந்தது. சீவியின் கடைசியில், கிரிக்கெட்டுக்கும் வாசிப்புக்கும் கீழே, வெட்கப்பட்டு ஒளித்து வைத்த மாதிரி ஒரு வரி: தமிழ், தாய்மொழி.

மேலே வர வேண்டிய வரி அதுதான். வடக்கிலும் கிழக்கிலும் வங்கி ஈடு வாங்குகிறது, தொலைபேசிக் கம்பனி கோபுரம் கட்டக் காணி எடுக்கிறது, சுப்பர்மார்க்கெட் குத்தகைக்குக் கடை எடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அந்தக் காணியின் பழைய உறுதிகளை ஒருவர் வாசிக்க வேண்டும். தமிழ் உறுதிகள். பழைய நொத்தாரிசின் கோழி கிண்டிய கையெழுத்து, "வடக்கெல்லை வாய்க்கால், கிழக்கெல்லை இன்னாருடைய தென்னந்தோட்டம்" என்று எழுதிய உறுதிகள். கொழும்பில் பிறந்து இங்கிலீஷில் மிதக்கிற பிள்ளைக்கு அது சீன எழுத்து. நமது பிள்ளைக்கு அது வாப்பும்மாவின் பெட்டகத்தில் இருந்த கடதாசி. அதோடு சிங்களமும் ஓரளவு ஓடினால், அந்த ஒபீஸில் அந்த மேசையில் உட்காரத் தகுதியான ஆள் வேறு யார்?

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், தன் கடிதத்தில் இதை முதல் பந்தியில் எழுதினாள். என்ன வாசித்திருக்கிறாள், எந்தக் காணிப் பதிவகத்தில் தேடல் செய்து பழகியிருக்கிறாள், ஏன் அந்த நிறுவனம் என்று ஒரு பக்கத்துக்குள் முடித்தாள். பல இடங்களுக்குத் தனித்தனியாக எழுதி அனுப்பினாள். ஓரிடத்திலிருந்து பதில் வந்தது. நேர்முகத்தில் ஒரு பழைய உறுதியின் போட்டோப் பிரதியை முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னார்களாம். வாசித்தாள், எடுத்தார்கள். யாருடைய கோலும் இல்லை. கொடுப்பனவு போர்டிங்குக்கே போதவில்லை. கட்டாரிலிருந்து காக்கா அனுப்பினார். காக்கா இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

இங்கேதான் சங்கங்களும் முதலாளிமாரும் வர வேண்டும். கொழும்பு நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்துவதில் நமது முதலாளிமாரும் இருக்கிறார்கள். இறக்குமதி, கம்பனிப் பதிவு, வரி என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த தடவை போகும்போது கேளுங்கள். "என் மருமகனை எடுங்க" என்று கேட்காதீர்கள், அது பழைய வியாதி. "பயிலுநர் எடுக்கும்போது பகிரங்கமாக அறிவியுங்கள், வெளியூர்ப் பிள்ளைக்கு வாழக்கூடிய ஒரு கொடுப்பனவு கொடுங்கள்" என்று கேளுங்கள். கட்சிக்காரர் கேட்டால் காதில் விழும்.

நமது ஊர்களில் ஸகாத் நிதி இருக்கிறது, புலமைப்பரிசில் நிதி இருக்கிறது, வெளிநாட்டுச் சகோதரர்களின் வட்ஸ்அப் குழு இருக்கிறது. பல்கலைக்கழகப் பிள்ளைக்கு மாதாந்தம் கொடுக்கிறோம். இறுதிப் பரீட்சை முடிந்ததும் "இனி லோயர்தானே" என்று நிறுத்திவிடுகிறோம். கையில் காசே இல்லாத ஆறு மாதம் அப்போதுதான் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்பி ஓடி வந்து யாரோ ஒருவரின் ஒப்பத்துக்குக் காத்து நிற்பது சோம்பலால் அல்ல.

சித்திலெப்பை அவர்களை மேடைக்கு மேடை கல்வித் தந்தை என்கிறோம். தொழிலால் அவர் ஒரு பிறக்டர். 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கும்போது சட்டமும் தெரிந்தவர், தமிழும் தெரிந்தவர். அந்த இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிற பிள்ளைகள் இன்று நமது வீடுகளில் இருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாமல் இருக்கிறார்கள்.

இந்த வருடம் இறுதிப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், முதல் வருடத்தில் இருப்பவர்களும், எழுதிய கடிதத்தோடு இன்பொக்ஸுக்கு வாருங்கள். நானும் எங்கள் பாடசாலையின் இங்கிலீஷ் சேரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இருந்து பார்த்துத் தருவோம். காசு வேண்டாம். "பணிவாக வேண்டுகிறேன்" என்று தொடங்கும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

சங்கத் தலைவர்களுக்கும் பொருளாளர்களுக்கும் ஒரே ஒரு கேள்வி. கடந்த பாராட்டு விழாவுக்குப் பதாகை, பந்தல், ஒலிபெருக்கி, பிரியாணி எல்லாம் சேர்த்து எவ்வளவு முடிந்தது? தொகையைக் கீழே கொமென்டில் போடுங்கள். அது கொழும்பில் ஒரு பிள்ளையின் எத்தனை மாத போர்டிங் என்று நான் கணக்குப் பார்த்துப் பதில் போடுகிறேன்.